மொட்டை மாடிக்கும் சேர்த்து

செப்டம்பர் 4, வியாழன்

“வீடு எத்தன சதுர அடிம்மா?” என்று கடைக்காரர் கேட்டதற்கு “ஐந்நூத்தி இருபது” என்றேன். மொட்டை மாடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஏன் என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை இடியில் எங்கள் பழைய ரவுட்டர் போய்விட்டது. முகர்ந்து பார்த்தால் கருகிய வாசனை. நேசனுக்கு இந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் வேலை. “நீயே ஒண்ணு பாத்து வாங்கிடு கோதை. ஒரு சீப்பு வாங்கறதுக்கே நாலு பேரு என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கிற ஆளு நீ” என்றான். அது உண்மைதான். எனக்கும் வேலை நின்றுபோயிருக்கிறது. புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவைத் தயாரித்துப் பதிப்பகங்களுக்கு அனுப்புவது என் தொழில். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போனால், ஆசிரியர் எதைச் சொல்லாமல் சுற்றிப் போகிறார் என்பதும் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் வீட்டு மனிதர்கள் மேலும் வருகிறது. நல்ல பழக்கமா என்று தெரியவில்லை.

காலையில் நான் கிளம்பும்போது மாமா, நேசனுடைய அப்பா, காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: “மாடி வரைக்கும் எடுக்குமாம்மா?”

“எதுங்க மாமா?”

“அதான், நீ வாங்கப் போறது.”

“எடுக்கணுங்களா?”

“இல்ல இல்ல. சும்மா கேட்டேன்.”

மாமாவிடம் இருப்பது பட்டன் போன். வைஃபைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தில்லை நகர்க் கடையில் ஆன்டெனாவைக் கொம்பு என்கிறார்கள். “உங்க வீட்டுக்கு ரெண்டு கொம்பு போதும். நாலு கொம்பு வாங்கினீங்கன்னா எதிர் வீட்டுக்காரன் உங்க செலவுல படம் பாப்பான்” என்றார் கடைக்காரர்.

“மேல, கீழ எல்லாம் போகுமா?”

“மேல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. தண்ணித் தொட்டிதான்.”

“தண்ணித் தொட்டிக்கு எதுக்கும்மா வைஃபை?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

போன் டேட்டாவிலேயே நிறையப் படித்தேன். ரவுட்டர்கள் இரண்டு விதமான அலைகளை அனுப்புகின்றன. ஒன்று வேகமானது, ஆனால் ஒரு சுவரைக் கண்டாலே தளர்ந்துவிடும். இன்னொன்று மெதுவானது, சுவர், கூரை எல்லாவற்றையும் தாண்டிப் போகும். சிறிய வீட்டில் இருப்பவர்கள் வேகத்தைப் பார்த்து வாங்கினால் போதும் என்று எல்லோரும் ஒரே குரலில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், “என் வீடு சிறியது, ஆனால் என் குடும்பம் சிறியதல்ல” என்று எழுதி மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். அவரிடம் பேச வேண்டும் போலிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை. படுக்கையறை எங்களுக்கு. மாமா ஹாலில். பகலில் கட்டிலை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடுவார். எதிர்ச் சுவரில் அத்தையின் படம். அத்தையை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம், நீண்ட நாள் டயாலிசிஸுக்குப் பிறகு, போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் நேசன்தான் பூ வைப்பான். வேறு யாரையும் வைக்க விடமாட்டான்.

ஹாலில் இருப்பவருக்குக் கதவு கிடையாது என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

செப்டம்பர் 6, சனி

மாமா புடலங்காய் வாங்கி வந்தார். முறத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவர் உடனே இறங்கி வந்துவிட்டார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து நறுக்கினார். வளையங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை.

இந்த வாரம் முழுக்க இப்படித்தான். கோடையிலிருந்தே சாயங்காலம் காய் நறுக்குவது மாமாவின் வேலை. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது. மாடியில் காற்று நன்றாக இருக்கிறது என்பார். ஒரு கொத்து அவரைக்காயை அவ்வளவு நேரம் ஒருவர் நறுக்க முடியுமா என்று நான் வியந்ததுண்டு. இப்போது மாடியில் காற்று நின்றுபோய்விட்டதா?

செப்டம்பர் 7, ஞாயிறு

நாலு கொம்பு வாங்கிவிட்டேன். கூரை தாண்டும் அலையில் வலுவானது. “என்ன, தண்ணித் தொட்டிக்கும் சேத்தா?” என்றார் கடைக்காரர். தலையாட்டினேன்.

நேசனுக்குப் பிடிக்கவில்லை. “இது ஒரு தெருவுக்கே வரும் போல இருக்கே. எதுக்கு இவ்வளவு பெருசு?”

“உன் வீடியோ மீட்டிங் நடுவுல நின்னுபோறதுன்னு சொன்னியே.”

“அதுக்கு என் டேபிள் மேல வெச்சாப் போதுமே.”

“டேபிள்ல வெச்சா சமையலறையில எனக்கு எடுக்காது. ஹால் பரண் மேல வெச்சா எல்லாருக்கும் சமமா வரும்.”

பரணுக்குப் பக்கத்துச் சுவர்தான் மாடிப்படியை ஒட்டிய சுவர். அதை நான் சொல்லவில்லை. பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே புதியதிலும் போட்டேன். டிவியில் மறுபடி போட வேண்டாமே என்று நேசனிடம் காரணம் சொன்னேன். பாஸ்வேர்டு அத்தையின் பெயரும் பிறந்த வருடமும், மங்கையர்க்கரசியை ஆங்கில எழுத்தில் அடித்தால் கை வலிக்கும். அத்தை போன பிறகு நேசன் வைத்தது. பெயரும் பாஸ்வேர்டும் மாறாவிட்டால், பழைய ரவுட்டரைத் தெரிந்த போன் எதுவானாலும் தானாகவே புதியதோடு சேர்ந்துகொள்ளும்.

பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். சமையலறையில் முழுக் கோடுகள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று குறைகிறது. பீரோவுக்கு அந்தப் பக்கம் இரண்டு. இத்தனை நாள் இந்த வீட்டில் இருந்தும் எந்த மூலை எதனிடமிருந்து மறைந்திருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. துணி உலர்த்துகிற சாக்கில் மாடிக்கும் போனேன். தொட்டியின் பின்பக்கம் இரண்டு கோடு வந்தது.

அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதற்கு எதிரே, முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவரின் மேல், நிமிர்த்தி வைத்த ஒரு செங்கல். செங்கல்லைப் பார்த்து உட்காருகிற மாதிரி ஸ்டூல்.

செப்டம்பர் 8, திங்கள்

அவரைக்காய். மாடியில். இருட்டும் வரை.

செப்டம்பர் 10, புதன்

சாயங்காலம் வானம் கறுத்தது. துணி எடுக்கப் போனேன். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன்.

மாமா ஸ்டூலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செங்கல்மேல் ஒரு டச் போன் சாய்ந்திருந்தது. அந்த வெளிச்சம் அவர் முகத்தில். புடலங்காய் வளையம் ஒன்றை எடுத்து, ஒரு கண்ணில் மூக்குக்கண்ணாடி மாதிரி வைத்து, போனைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லை. வாய் அசைந்தது, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நிறுத்தி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. அதிலும் சத்தமில்லை. முதலில் என் காதில்தான் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

துணியை எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். எல்லாம் நனைந்தது. நேசனிடம் மறந்துவிட்டேன் என்றேன்.

அந்தப் பக்கம் யார் என்பதைவிட, சத்தமில்லாமல் பேசுவதற்கு ஒருவருக்கு எதற்கு மாடி வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சத்தம் போடாத மனிதர் ஹாலிலேயே உட்காரலாமே. பிறகு ஹாலை நினைத்துப் பார்த்தேன். எதிர்ச் சுவரை.

செப்டம்பர் 12, வெள்ளி

மாமா இன்று சொதி வைக்கச் சொன்னார். தேங்காய்ப் பாலில் காய்களைப் போட்டுச் செய்வது. போன மாதம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கேட்டார். அதற்கு முன்னால் கூட்டாஞ்சோறு. மாமா பிறந்து வளர்ந்தது எல்லாம் திருச்சி. இந்தச் சாப்பாடெல்லாம் தெற்கே.

தேங்காய் துருவிக்கொண்டே, “இதெல்லாம் எங்க மாமா சாப்பிட்டீங்க?” என்றேன். வேறெதையும் கேட்கவில்லை.

“அத்தைக்கு டயாலிசிஸ் பண்ற எடத்துல பக்கத்துப் பெட்டுக்குப் பாண்டியன்னு ஒருத்தர் வருவாரு. இங்க ஃபாக்டரியில இருந்தாரு, சொந்த ஊரு தென்காசி. அவரு வீட்டம்மா டிபன் கேரியர்ல கொண்டுவருவாங்க. கூட இருக்கறவங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னு எனக்கும் சேத்து.”

“நல்ல மனசு.”

“காது சுத்தமா கேக்காது அவங்களுக்கு. உதட்டப் பாத்தே புரிஞ்சுக்குவாங்க. இந்த நர்சுங்க மாஸ்க் போட்டுக்கிட்டுப் பேசினா தவிச்சுப் போயிடுவாங்க. நான்தான் எதுக்க நின்னு எடுத்துச் சொல்லுவேன். பொட்டாசியம் கூடியிருக்கு, இன்னைக்கு வாழைப்பழம் குடுக்காதீங்க, அப்பிடின்னு. பொட்டாசியத்த உதட்டுல சொல்றது கஷ்டம் தெரியுமா?” சொல்லிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம்.

“இப்ப எங்க இருக்காங்க?”

“அவரு நம்ம அத்தைக்கு அப்புறம் மூணு மாசத்துல போயிட்டாரு. அந்தம்மா ஊருக்கே போயிட்டாங்க. புள்ளைங்க இல்ல. தனியாத்தான்.” பிறகு அடுப்பைப் பார்த்து, “எலுமிச்சம்பழத்த எறக்கி வெச்சப்பறம் பிழியணும். கொதிக்கறப்ப பிழிஞ்சா திரிஞ்சு போயிடும்” என்றார்.

மாமா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சொதி நன்றாக வந்தது. நேசன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேசன் புதிய ரவுட்டரின் செயலியைத் தன் போனில் இறக்கினான். வீட்டில் எத்தனை கருவிகள் சேர்ந்திருக்கின்றன என்று அதில் காட்டும்.

“அஞ்சுன்னு காட்டுது. என் போன், உன் போன், லேப்டாப், டிவி. அஞ்சாவது யாரு?”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாமா கட்டிலில் செய்தித்தாளோடு இருந்தார். பக்கம் திரும்பவில்லை.

“ரிச்சர்டா இருக்கும்” என்றான் நேசன். எதிர் வீட்டில் தனியாக இருக்கும் வங்கிக்காரர். “அன்னைக்கு ஒரு நாள் அவன் நெட்டு போச்சுன்னு நான்தான் பாஸ்வேர்டு குடுத்தேன். நாலு கொம்பு வாங்கினதும் ஐயாவுக்கு வசதியாப் போச்சு.”

தடுப்பதற்குள் போய்க் கதவைத் தட்டிவிட்டான். நான் வாசலில் நின்றேன். ரிச்சர்ட் லுங்கியோடு, வாயில் பல்துலக்கியோடு வந்தார்.

“நேரா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வைஃபைல இருக்கீங்களா?”

ரிச்சர்ட் நிதானமாகப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். “நேசன் சார், உங்க ஸ்பீடு அம்பது. என்னுது நூறு. கார் வெச்சிருக்கறவன் உங்க சைக்கிள எதுக்கு சார் திருடப் போறான்?”

“அப்ப யாரு?”

“அத உங்க வீட்லயே கேளுங்க.”

அவர் சும்மாதான் சொன்னார். கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினார். நேசன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினான். எனக்குச் சொன்னான். டிவியில் போட்டான். குடியிருப்போர் குழுவில், நெட்டைத் திருடுகிறார்கள், எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று ஒரு செய்தியும் போட்டான். யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும், எங்கள் தளத்தில் இருப்பது இரண்டே வீடு.



செப்டம்பர் 15, திங்கள்

மாமா மாடிக்குப் போனார். பீன்ஸ் போனபடியே திரும்பி வந்தது.

செப்டம்பர் 17, புதன்

புதிய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஹாலில் நின்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும். சொன்னால் ஐந்தாவது மறுபடி வரும், நேசன் மறுபடி தேடுவான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது சரியான காரணம்தான். ஆனால் முதல் காரணம் அதுவல்ல. நான் சொன்னால், எனக்குத் தெரியும் என்பது மாமாவுக்குத் தெரிந்துவிடும். கதவில்லாதவரிடம் இருப்பது அந்த ஒரு மறைப்புத்தான். என்னிடம் யாராவது அப்படி வந்து நின்றால் நான் எப்படிக் கூசிப்போவேன் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் மாமாவின் பட்டன் போன் சத்தம் போட்டது. எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொண்டுவந்தார்.

“இது என்ன கோதை, கட்டம் கட்டமா வருது?”

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். “தமிழ்ல வந்திருக்குங்க மாமா. இந்தப் போன்ல தமிழ் காட்டாது.”

“என்ன எழுதியிருக்கும்?”

“தெரியலங்க மாமா. கடைசியில ஒரு கேள்விக்குறி மட்டும் தெரியுது.”

“கேள்வியா?” என்றார். போனை வாங்கிக்கொண்டு அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதுல எழுதவும் எனக்கு வராது. கூப்புட்டா கேக்கவும் கேக்காது” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

அந்தச் செய்தியை என் போனுக்கு அனுப்பியிருந்தால் எழுத்தாக வந்திருக்கும். அது தோன்றாமல் இல்லை. ஆனால் அது அவருக்கு வந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

படியில் ரிச்சர்டைப் பார்த்தேன். வழக்கமாக, “என்ன புத்தகம் ஓடுது?” என்று கேட்பவர் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே இறங்கிப்போனார். எனக்குப் பின்னால் பால் பாக்கெட்டோடு மாமா வந்துகொண்டிருந்தார். அவரும் பார்த்தார்.

இரண்டு நாளாக மாமா ஒரு தோசைக்கு மேல் சாப்பிடவில்லை. “வெயிலு” என்கிறார். மழை பெய்துகொண்டிருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு. மூன்று பேரும் தரையில். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமா சொன்னார்:

“நேசா, அந்த அஞ்சாவது நான்தான்.”

“எது?”

“நீ தேடினியே. எதிர் வீட்டுப் பையன் இல்ல. நான். அவரு மூஞ்சியில என்னால முழிக்க முடியல.”

எழுந்துபோய் மடித்த கட்டிலின் மெத்தைக்குள்ளிருந்து அந்தப் போனை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மூலையில் விரிசல் விட்ட பழைய போன். “சிங்காரத்தோப்புல வாங்கினேன். சிம்மு கிடையாது. உங்க நெட்டுலதான் ஓடுது.”

நேசன் போனைப் பார்த்தான், தொடவில்லை. “யார்கிட்டப்பா பேசறீங்க?”

“பேசறதில்ல. அவங்களுக்குக் காது கேக்காது. பாத்துக்கறோம்.”

“அவங்கன்னா?”

“பாண்டியன் சார் வீட்டம்மா. பரிமளம். உனக்கும் தெரியும். அம்மாவுக்கு மிஷின் ஓடறப்ப ஒரு நாள் நீ அழுதுட்டிருந்த. கைமுறுக்கு குடுத்தாங்களே.”

“எவ்வளவு நாளா?”

“வைகாசியிலேர்ந்து.”

நேசன் என் பக்கம் திரும்பினான். “உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. யாரும் என்னைப் பார்த்ததில்லை. எதையும் நான் கேட்டதில்லை.

“தெரியும்” என்றேன்.

அப்போதுதான் மாமா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமில்லை. கூச்சமும் இல்லை. பரணைப் பார்த்தார், பிறகு மறுபடி என்னை. நாலு கொம்பு ஏன் என்று அப்போது புரிந்திருக்க வேண்டும்.

நேசன் எழுந்து கை கழுவினான். குழாயடியில் நின்றுகொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னான்: “தினமும் அம்மா பேரப் போட்டுத்தான் உள்ள போயிருக்கீங்க.”

“நீதானப்பா அத வெச்ச” என்றார் மாமா.

நேசன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ரசம் ஆறிப்போயிற்று. மாமா தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

நேற்று அவன் திரும்பியபோது கையில் அரைக் கிலோ இனிப்பு. நேராக எதிர் வீட்டுக்குப் போனான். “நூறு ஸ்பீடுன்னு அன்னைக்கே சொன்னேனே சார்” என்று ரிச்சர்டின் குரல் கேட்டது. “யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?”

“வீட்லதான்” என்றான் நேசன். அதற்குமேல் சொல்லவில்லை. ரிச்சர்டும் கேட்கவில்லை. குழுவிலும் தவறுக்கு வருந்துகிறேன் என்று போட்டுவிட்டான்.

என்னிடம் இன்று காலைதான் பேசினான்.

“ஏன் சொல்லல?”

“அது என் விஷயம் இல்லையே.”

“என் விஷயமாவது தெரியுமா உனக்கு? என் அப்பா. என் அம்மா.”

நான் ஒருவருடைய மறைப்பைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தார் என்பது என் கணக்கில் வரவேயில்லை.

“இப்ப என்ன பண்ணணும்ங்கற?”

“புது பாஸ்வேர்ட அவருக்குச் சொல்லணும்.”

“முடியாது” என்றான். கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “அந்த போட்டோவுக்குக் கீழ நான் எப்பிடி உக்காருவேன்னு யோசிச்சியா?”

“அவரு அங்க உக்காரலையே. அதனாலதான மாடிக்குப் போனாரு.”

சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. உப்பு வேண்டுமென்றால் இரண்டு பேரும் என்னிடம் கேட்கிறார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

சாயங்காலம் நேசன் வந்து உட்கார்ந்ததும் பட்டன் போன் மறுபடி சத்தம் போட்டது. மாமா எடுத்துப் பார்த்தார். கட்டங்கள். நான் சமையலறை வாசலில் இருந்தேன், என்னிடம்தான் வருவார் என்று கையைத் துடைத்துக்கொண்டேன். அவர் நேசனிடம் போனார்.

“இத மட்டும் படிச்சுச் சொல்லுப்பா. வேற எதுவும் வேண்டாம்.”

நேசன் வாங்குவான் என்று நான் நினைக்கவில்லை. வாங்கினான். அந்தச் செய்தியைத் தன் போனுக்கு அனுப்பினான். மனதுக்குள் படிக்க ஆரம்பித்து, பிறகு வாய்விட்டு, செய்தி வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தான்:

“காய நறுக்கி வெச்சுக்கிட்டு தெனமும் உக்காந்திருக்கேன். ஆஸ்பத்திரியில இருக்கீயளா? இருந்தா ஒரு புள்ளி மட்டும் அனுப்புங்க. யாருகிட்டயும் கேக்க எனக்கு நம்பர் இல்ல. எந்த வார்டுன்னு தெரிஞ்சா வந்து வெளிய உக்காந்துக்கிடுவேன். உள்ள வரமாட்டேன்.”

கடைசி வரிக்கு வரும்போது அவன் குரல் மாறிவிட்டது. அத்தையின் கடைசி மாதங்களில் வார்டுக்கு வெளியே இருந்த அந்த இரும்பு நாற்காலிகளைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறான்.

மாமா நின்றுகொண்டே இருந்தார். “என்னன்னு போடட்டும்?” என்று நேசன் கேட்டான். அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, ஆனால் அவரைத்தான் கேட்டான்.

“நல்லாயிருக்கேன்னு போடு.”

நேசன் தன் போனிலேயே அடித்தான். அனுப்புவதற்கு முன் திரையை அவர் பக்கம் காட்டினான். நான் எட்டிப் பார்த்தேன். “அப்பா நல்லா இருக்காங்க. நெட்தான் இல்லை. நாளைக்கு வந்துடும். நேசன்.”

கடைசியில் தன் பெயரையும் போட்டிருந்தான்.

செப்டம்பர் 26, வெள்ளி

வெண்டைக்காய். இன்று ஐந்து கருவிகள்.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. மாடியில் உட்கார முடியாது. நேசன் காலையில் என்னிடம், மாமாவுக்கும் கேட்கும்படி சொன்னான்: “சாயந்தரம் நாம ரெண்டு பேரும் கொஞ்சம் நடந்துட்டு வருவோம். டாக்டர் சொல்லியிருக்காரு, நடக்கணும்னு.”

எந்த டாக்டரும் சொல்லவில்லை. “மழையிலயா?” என்றேன்.

“குடை இருக்குல்ல.”

கிளம்பும்போது எங்கள் அறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, “டேபிள் காலியாத்தான் இருக்கு” என்று பொதுவாகச் சொன்னான். திரும்பி வரும்போது அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டாமல் ஹாலில், கட்டிலைப் பிரித்துப்போட்டு, இரண்டு பேரும் நனைந்த காலோடு உட்கார்ந்திருந்தோம். நேசன் அத்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை.

“எனக்கு இன்னும் புடிக்கல” என்றான்.

“சரி” என்றேன்.

“புடிக்கும்னும் தோணல.”

“சரி.”

உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

தென்காசிப் பதிவு அலுவலகத்தில் இன்று காலை மாமாவும் பரிமளத்தம்மாவும் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். சாட்சிகளில் ஒருத்தியாக நான் கையெழுத்துப் போட்டேன். நேசன் வாசல் வரை வந்தான், உள்ளே வரவில்லை. மத்தியானம் அவர்கள் வீட்டில் வந்து சாப்பிட்டான். மாமா அங்கேயே தங்கிவிட்டார். நானும் நேசனும் சாயங்கால பஸ்ஸில் திருச்சிக்குத் திரும்பினோம்.